பழைய ஸ்பீக்கரின் கிராஸ்ஓவர்: பழுது நீக்குவதா, பாகங்களை உயர்த்துவதா, புதிதாக வரைவதா?

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: பெட்டிக்குள் இருந்து, தாழ்ந்த சுரங்களை வூஃபருக்கும் உயர்ந்த சுரங்களை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் என்னும் சுற்றின் பாகங்களை மாற்றினால் ஒலி மேம்படுமா, மேம்படும் என்றால் எவற்றை மாற்றுவது, அதற்கு எவ்வளவு செலவிடலாம்? பாகங்களை விற்பவர்களின் விளக்கங்களைப் படித்தால் ஒரே ஓர் ஏணிதான் தென்படும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் கீழ்ப்படி, பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் அதற்கு மேல், வெள்ளித் தகடும் எண்ணெயும் சேர்ந்தது உச்சிப்படி. அந்த ஏணியை நம்பி முடிவெடுப்பவர் பெரும்பாலும் பணத்தையும், சில வேளைகளில் தம் ஸ்பீக்கரின் இயல்பையும் சேர்த்தே இழக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. கிராஸ்ஓவர் என்பது ஒரு குறிப்பிட்ட வூஃபருக்கும், ஒரு குறிப்பிட்ட ட்வீட்டருக்கும், அவை பொருத்தப்பட்ட பெட்டிக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்றது. வடிவமைத்தவர் காயில் என்னும் கம்பிச் சுருளின் தடையையும் கெபாசிட்டரின் உள்தடையையும் கணக்கில் சேர்த்தே மற்ற மதிப்புகளைத் தேர்ந்திருப்பார். பாகத்தின் குறை என்று நாம் நினைப்பது பல இடங்களில் வடிவமைப்பின் ஓர் அங்கமாகவே இருக்கிறது.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, ஒலிச் சமநிலை. மாற்றத்திற்குப் பிறகு ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் இடையிலான அளவு, பிரிப்பு அதிர்வெண் (ஒலி இரண்டாகப் பிரியும் இடம்), சரிவு (பிரிப்புக்கு அப்பால் ஒலி குறையும் வேகம்) ஆகியவை வடிவமைப்பாளர் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேல் அதிர்வெண்கள் முழுவதும் அரை டெசிபல் உயர்ந்தாலே, கவனித்துக் கேட்பவருக்குக் குரலின் நிறம் மாறிவிட்டது புலப்படும்.

இரண்டாவது, செய்ததை அளந்து பார்க்கும் வசதி. மூன்றாவது, மனம் ஒப்பாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி. நான்காவது மறைமுகச் செலவுகள்: கூரியர் கட்டணம், சுங்கவரி, புதிய பலகை, பெரிய பாகங்களுக்கு இடம், நம் நேரம், மறுவிற்பனை மதிப்பு. ஐந்தாவது ஆயுள்: இன்று செய்யும் வேலை இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும்?

இந்த ஐந்தில் முதலாவதற்குத்தான் நான் அதிக எடை தருகிறேன். சமநிலை குலைந்த ஸ்பீக்கரை எந்த விலையுயர்ந்த கெபாசிட்டரும் மீட்காது.

## கோளாறு கிராஸ்ஓவரில்தான் இருக்கிறதா?

இதை விசாரிக்காமல் எந்தத் தெரிவுக்குள்ளும் போகக் கூடாது. "மேல் சுரங்கள் மங்கிவிட்டன" என்ற குறைக்குக் கெபாசிட்டரே காரணம் என்று உடனே தீர்ப்பளிக்கப்படுகிறது. ஆனால் பல ட்வீட்டர்களின் காந்த இடைவெளியில் வாய்ஸ் காயிலைக் குளிர்விக்க ஃபெரோஃப்ளூயிட் என்னும் காந்தத் திரவம் இடப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளில் அது களிம்பாக இறுகி, ட்வீட்டரின் குவிந்த சவ்வான டோமின் அசைவையே தடுக்கும். அந்த நிலையில் எந்தக் கெபாசிட்டரை மாற்றினாலும் பயன் இராது. இடைவெளியைத் துடைத்துப் புதிய திரவம் இடுவதே தீர்வு. வூஃபரின் ஓரத்தில் உள்ள ஃபோம் வளையம் நம் கடலோர ஈரப்பதத்தில் பொடிந்து போவது இன்னொரு பொதுவான நோய். பின்பக்கத்தில் ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், அதன் தொடுமுனைகள் கறுத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களின் ட்வீட்டர்களை மட்டும் இடம் மாற்றிப் பொருத்திக் கேட்பது ஒரு மணி நேர வேலைதான். மங்கல் ட்வீட்டரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் கிராஸ்ஓவர் குற்றமற்றது.

## தெரிவு ஒன்று: அதே வகையில், அதே மதிப்பில் புதுப்பித்தல்

1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களில் இருப்பவை பைபோலார் (துருவமற்ற) எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள். இவற்றின் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் காலப்போக்கில் உலர்கிறது. கொள்ளளவு குறியிட்ட மதிப்பிலிருந்து விலகுகிறது. அதைவிட முக்கியமாக உள்தடை ஏறுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொது விதி. குளிர்நாட்டில் நாற்பது ஆண்டு நின்ற கெபாசிட்டரைச் சென்னையின் மே மாத அறையோடு ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ட்வீட்டரை 8 ஓம் தடை என்று எளிமையாக வைத்துக்கொண்டால், அதனோடு தொடராக உள்ள 6.8 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் பிரிப்பு அதிர்வெண் சுமார் 2,900 ஹெர்ட்ஸ். கெபாசிட்டர் 20 விழுக்காடு இழந்தால் அது 3,650 ஹெர்ட்ஸை எட்டிவிடும். குரலும் வயலினும் மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியில் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. உள்தடை 2 ஓம் ஏறியிருந்தால், 6 ஓம் ட்வீட்டர் சுமார் 2.5 டெசிபல் அடங்கிப் போகும். புதுப்பித்த பிறகு ஸ்பீக்கர் உயிர்பெற்றதாகப் பலர் எழுதுவது மிகையில்லை. ஆனால் அவர்கள் கேட்பது மேம்பாடு இல்லை. இழந்த பழைய ஒலியையே மீண்டும் கேட்கிறார்கள்.

இந்தத் தெரிவின் பெரும் பலம், புதிய பைபோலாரின் உள்தடை பழையது புதிதாக இருந்தபோது கொண்டிருந்த உள்தடைக்கு நெருக்கமாக இருக்கும் என்பது. வடிவமைப்பாளரின் கணக்கு கலையாது. பாகத்தின் விலையும் சில பத்து ரூபாய்களிலிருந்து நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பலவீனம், மதிப்பில் 10 முதல் 20 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டிருப்பது. தேவைக்கு மேல் சில எண்ணிக்கை வாங்கி, பாகங்களின் மதிப்பைக் காட்டும் எல்.சி.ஆர். மீட்டரில் அளந்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒத்த மதிப்புள்ளவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் மதிப்பை மட்டும் சொல்லிக் கேட்டால் பவர் சப்ளைக்கான துருவமுள்ள எலக்ட்ரோலைட்டிக்கையே கொடுத்துவிடுவார்கள். ஸ்பீக்கரில் ஓடுவது மாறுமின்னோட்டம். அங்கே துருவமுள்ளது ஆகாது. பைபோலார் அல்லது நான்-போலார் என்று அழுத்திக் கேட்டு வாங்க வேண்டும்.

## தெரிவு இரண்டு: ஃபிலிம் கெபாசிட்டருக்கு மாறுதல்

பாலிபுரொப்பிலீன் ஃபிலிமின் தகுதிகள் உண்மையானவை. உலர்வதற்கு அதில் திரவம் இல்லை. மதிப்பு 5 விழுக்காட்டுக்குள் அல்லது அதைவிடக் குறைந்த வரம்பில் நிற்கும். மின் இழப்பு எலக்ட்ரோலைட்டிக்கில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் நம் காலத்தில் மறுபடி பெட்டியைத் திறக்க வேண்டிவராது. ஆயுள் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இதற்கு நிகரில்லை.

சிக்கல் அதே தகுதியிலிருந்துதான் பிறக்கிறது. நல்ல நிலையில் உள்ள எலக்ட்ரோலைட்டிக்கிலும் ஓர் ஓமின் சில பத்துப் பங்குகள் உள்தடை இருக்கும். ட்வீட்டரோடு தொடராக இருந்த அந்த அரை ஓம் திடீரென மறைந்தால், 6 ஓம் ட்வீட்டர் சுமார் 0.7 டெசிபல் உயரும். என் வீட்டில் உள்ள 1980களின், வூஃபரும் ட்வீட்டரும் மட்டும் கொண்ட இருவழி ஜோடியில் நான் முதலில் கண்டது இதைத்தான். ஃபிலிம் இட்ட முதல் வாரம் தெளிவு கூடிவிட்டது என்று மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் நாகஸ்வரப் பதிவுகளைக் குறைந்த ஒலியிலேயே கேட்கத் தோன்றியது. அளந்தபோது மேற்பகுதி முழுவதும் முக்கால் டெசிபல் அளவுக்கு எழும்பியிருந்தது. கெபாசிட்டரோடு தொடராக 0.47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்ததும் பழைய சமநிலை திரும்பியது. ஃபிலிமுக்கு மாறுபவர்கள் அந்தச் சிறிய ரெசிஸ்டரை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நூறு மணி நேரம் ஓடினால் கெபாசிட்டர் பழகிவிடும் என்று சொல்லப்படுவதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. அந்த நூறு மணி நேரத்தில் பழகுவது பெரும்பாலும் நம் காதுதான்.

கெபாசிட்டர் நிற்கும் இடமும் முக்கியம். ட்வீட்டருக்குச் செல்லும் பாதையில் தொடராக நிற்பதை ஃபிலிமாக்குவதற்கு நியாயம் உண்டு. வூஃபருக்குக் குறுக்கே நிற்கும் 33 அல்லது 47 மைக்ரோஃபாரட்டை ஃபிலிமாக்கினால், பருமனான மெழுகுவர்த்தி அளவுக்குப் பாகம் வீங்கும், பழைய பலகையில் உட்காராது, செலவும் எகிறும். அங்கே உள்தடை குறைவதால் வடிப்பின் சரிவும் மாறும். அந்த இடத்தில் புதிய பைபோலாரே போதும் என்பது என் முடிவு.

விலையைப் பற்றி: சாதாரண மெட்டலைஸ்டு பாலிபுரொப்பிலீன் சில நூறு ரூபாய். ஜெர்மனியின் முண்டோர்ஃப், டென்மார்க்கின் யான்ட்சன், டூலுண்ட் போன்ற நிறுவனங்களின் உயர் வரிசைகள் ஒரு பாகத்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதன்மேல் கூரியரும் சுங்கமும் சேரும். சாதாரண ஃபிலிமிலேயே மின் இழப்பு செவிக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிடுவதால், அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு ஈடான பயனை என் அளவீடுகளில் நான் கண்டதில்லை. நம் ஊர் மின்சாதனக் கடை ஒவ்வொன்றிலும் கிடைக்கும் சீலிங் ஃபேன் கெபாசிட்டர் மெட்டலைஸ்டு பாலிபுரொப்பிலீன்தான். 2.5, 3.15, 4 மைக்ரோஃபாரட் எனக் கிடைப்பவற்றை இணையாகச் சேர்த்து வேண்டிய மதிப்பை உருவாக்கலாம். 440 வோல்ட் மாறுமின்னழுத்தம் தாங்குபவை வீட்டு ஸ்பீக்கருக்குத் தேவைக்கும் மிகுதியானவை. வாங்கும்போது மதிப்பை அளந்து பார்ப்பது மட்டும் அவசியம்.

## தெரிவு மூன்று: காயில்களையும் ரெசிஸ்டர்களையும் மாற்றுதல்

ரெசிஸ்டரை விரைவாக முடித்துவிடலாம். வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் கம்பிச் சுற்றால் ஆனது என்பதால் அதில் தூண்டல் இருக்கிறது என்ற குறை சொல்லப்படுகிறது. ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் 20,000 ஹெர்ட்ஸில் தருவது 0.13 ஓம் மட்டுமே. பலகை சூட்டில் கருகியிருந்தாலோ மதிப்பு விலகியிருந்தாலோ மாற்ற வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

காயில்தான் ஆபத்தான இடம். இரும்பு அல்லது ஃபெரைட் உள்ளகம் கொண்ட காயில் மிகுந்த மின்னோட்டத்தில் காந்தத் தெவிட்டலை (உள்ளகம் மேலும் காந்தமாகாத நிலையை) அடைந்து ஒலித்திரிபைத் தரும் என்பது உண்மை. காற்று உள்ளகக் காயிலுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அதே தூண்டலைப் பெற அதிகச் சுற்றுகள் வேண்டும். எனவே கம்பித் தடை ஏறும். 0.2 ஓம் இருந்த இடத்தில் 0.7 ஓம் வந்தால், 6 ஓம் வாய்ஸ் காயில் கொண்ட வூஃபரின் இடைப்பகுதி சுமார் 0.7 டெசிபல் இறங்கும். ஒத்திசைவு அதிர்வெண்ணை ஒட்டி வூஃபரின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) உயர்ந்திருப்பதால் அங்கே இந்த இறக்கம் ஏறக்குறைய இராது. வூஃபரின் அசைவை ஆம்ப்ளிஃபயர் கட்டுப்படுத்தும் மின்சார அடக்கமும் சுமார் 8 விழுக்காடு தளரும். விளைவு, இடைப்பகுதி பின்வாங்க, பாஸ் ஒரே இடத்தில் சற்றுப் புடைத்துத் தளர்வாகக் கேட்கும். தடை ஏறாமலிருக்கத் தடித்த கம்பியில் சுற்றிய காயிலை வாங்கினால் எடையும் பருமனும் விலையும் பல மடங்காகும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு இடம். காற்று உள்ளகக் காயிலின் காந்தப்புலம் வெளியே பரவும். இரண்டு காயில்களை ஒரே அச்சில் நெருக்கி வைத்தால் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் ஏறும். ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் விலகியும் வைக்க வேண்டும். வூஃபர் காந்தத்தின் அருகிலோ இரும்புத் தகட்டின் மேலோ வைத்தால் தூண்டலின் மதிப்பே மாறும். வீட்டு அறையில் மிதமான ஒலியில் கேட்பவரின் காயில் தெவிட்டலை எட்டுவது அரிது. சுட்டுப் போகாத காயிலைத் தொட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் தூண்டலையும் கம்பித் தடையையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

## தெரிவு நான்கு: கிராஸ்ஓவரைப் புதிதாக வடிவமைத்தல்

விலை நெருக்கடியால் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெபாசிட்டரை மட்டும் வைத்து, வூஃபரை நேரடியாக இணைத்து விற்கப்பட்ட ஸ்பீக்கர்கள் ஏராளம். அத்தகைய பெட்டியில் ட்வீட்டரும் வூஃபரும் தரமானவையாக இருந்தால், அந்த ஒற்றைக் கெபாசிட்டரைப் பொன்னால் செய்தாலும் பயனில்லை. புதிய வடிவமைப்பு ஒன்றே அவற்றின் முழுத் திறனை வெளிக்கொணரும். மேலே சொன்ன மூன்று தெரிவுகளாலும் தர முடியாத உண்மையான மேம்பாடு இங்கே கிடைக்கிறது.

அதற்கான விலையை நேரமாகவும் கற்றலாகவும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிரைவரையும் (வூஃபர், ட்வீட்டர் போன்ற ஒலிப்பானை) பெட்டியில் பொருத்திய நிலையில், அச்சிலும் பக்கவாட்டுக் கோணங்களிலும் அளக்க வேண்டும். மின்மறுப்பையும் அளக்க வேண்டும். யுமிக்-1 போன்ற அளவுத்திருத்தம் செய்யப்பட்ட மைக்கும், ரூம் ஈ.க்யூ. விசார்ட், விட்டிக்ஸ்கேட் ஆகிய இலவச மென்பொருள்களும் போதும். ஆனால் அறையின் எதிரொலிப்பு குறுக்கே நிற்கும். 3 மீட்டர் உயர அறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் நடு உயரத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால், முதல் எதிரொலி 6 மில்லி விநாடிக்குச் சற்றுப் பிறகு வந்துவிடும். 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த அளவீடு நம்பத்தக்கது அன்று. பிரிப்பு அதிர்வெண் 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டி இருக்கும் இருவழி ஸ்பீக்கருக்கு இது தடையில்லை. மூவழி ஸ்பீக்கரின் கீழ்ப்பிரிப்புக்குத் தடைதான்.

புதிதாக வரைவது பெரிய வேலைதான், ஆனால் முறையற்றது அன்று. நிபுணர்களே அதைச் செய்திருக்கிறார்கள். பி.பி.சி. தன் ஒளிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் 15 ஓம் வடிவத்தில் தொடங்கியது. 1987இல், மாற்றப்பட்ட டிரைவர்களோடு 11 ஓம் வடிவம் வந்தபோது கிராஸ்ஓவர் முழுவதும் மறுபடி வரையப்பட்டது. டிரைவர் மாறினால் கிராஸ்ஓவரும் மாற வேண்டும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. அதே ஸ்பீக்கர் எதிர்ப்பக்கப் பாடத்தையும் தருகிறது. முதல் வடிவத்தின் கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் அளவைப் பொருத்துவதற்குப் பல முனைகள் கொண்ட மின்மாற்றி இருக்கிறது. பாகங்கள் அவ்வளவு நுணுக்கமாக இணக்கப்பட்ட பெட்டியில் விலையுயர்ந்த பாகங்களைச் சேர்ப்பது இழப்பு. கழற்றப்படாத மூலப் பாகங்கள்தான் அதற்குச் சந்தையில் மதிப்பையும் தருகின்றன.

## தெரிவு ஐந்து: ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரித்தல்

மினிடி.எஸ்.பி. போன்ற டிஜிட்டல் பிரிப்பானை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் தருவது ஐந்தாம் வழி. லிங்க்விட்ஸ்–ரைலி என்று பெயர்பெற்ற, 1976இல் விளக்கப்பட்ட, 24 டெசிபல் சரிவில் இரு பக்கமும் சமமாகக் கூடும் வடிவத்தைப் பாகங்களால் கட்டுவது கடினம். இங்கே அது திரையில் ஒரு தேர்வு மட்டுமே. தவறினால் ஒரு நொடியில் திருத்தலாம். வூஃபருக்கு முன்னால் காயிலே இல்லாததால் அதன் தடையும் இல்லை.

மறைமுகச் செலவு நான்கு ஆம்ப்ளிஃபயர் சேனல்கள், கூடுதல் வயர்கள், உரத்த டிரைவர்களில் கேட்கக்கூடிய மெல்லிய இரைச்சல், ஆம்ப்ளிஃபயர் ஆன் ஆகும்போது எழும் தட்டலால் ட்வீட்டர் எரியும் அபாயம். கடைசியானதைத் தவிர்க்க, பிரிப்பு அதிர்வெண்ணுக்கு வெகு கீழே வடிக்கும் பெரிய ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றைப் பாதுகாப்பாக ட்வீட்டரோடு தொடராக வைப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| | அதே வகைப் புதுப்பிப்பு | ஃபிலிம் கெபாசிட்டர் | காயில், ரெசிஸ்டர் | புதிய வடிவமைப்பு | டிஜிட்டல் பிரிப்பு |
|---|---|---|---|---|---|
| ஒலிச் சமநிலை | மூல நிலைக்குத் திரும்பும் | சிறு ரெசிஸ்டர் இல்லையேல் மேற்பகுதி எழும் | பாஸ் தளர வாய்ப்பு | திறனைப் பொறுத்துப் பெரும் மேம்பாடு அல்லது பெரும் பிழை | எப்போதும் திருத்தலாம் |
| தேவையான அளவீடு | எல்.சி.ஆர். மீட்டர் | மீட்டரும் மைக்கும் | மீட்டரும் மைக்கும் | முழு அளவீடு | முழு அளவீடு |
| பழைய நிலைக்குத் திரும்புதல் | எளிது | எளிது | கடினம் | பழைய பலகையை வைத்திருந்தால் எளிது | எளிது |
| மறைமுகச் செலவு | பொறுக்கி எடுக்கும் நேரம் | இடம், சுங்கவரி | எடை, இடம், விலை | மாதக்கணக்கில் நேரம் | கூடுதல் ஆம்ப்ளிஃபயர்கள் |
| ஆயுள் | மறுபடி செய்ய நேரும் | மிக நீண்டது | மிக நீண்டது | பாகத்தைப் பொறுத்தது | மின்னணுச் சாதனத்தின் ஆயுள் |

## எந்த நிலையில் எது

இருபத்தைந்து ஆண்டைக் கடந்த, நல்ல பெயருள்ள ஸ்பீக்கர் மங்கியிருந்தால் முதல் தெரிவு. அதே ஸ்பீக்கரை இன்னும் இருபது ஆண்டு கேட்கப் போகிறீர்கள், மறுபடி திறக்க விருப்பமில்லை என்றால் ட்வீட்டர் பாதைக்கு மட்டும் சாதாரண ஃபிலிமும் சிறு ரெசிஸ்டரும், மற்ற இடங்களுக்குப் புதிய பைபோலாரும். பத்தாண்டுக்கு உட்பட்ட ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லாமல் மனக்குறை மட்டும் இருந்தால், கிராஸ்ஓவரைத் தொடாமல் அந்தப் பணத்தை அறைக்குத் தடித்த திரையும் கம்பளமும் வாங்கச் செலவிடுங்கள். நல்ல டிரைவர், மலிவான கிராஸ்ஓவர் என்ற சேர்க்கை கையில் இருந்து, கற்கும் ஆர்வமும் இருந்தால் நான்காவது. புதிய பெட்டியே கட்டப் போகிறவருக்கு ஐந்தாவது. மூன்றாவதைத் தனியாகப் பரிந்துரைக்கும் சூழல் ஒன்றை நான் இதுவரை சந்தித்ததில்லை.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, மோனோவில் ஒரே பதிவை ஓடவிட்டு, பேலன்ஸ் திருகால் மாறி மாறிக் கேளுங்கள். எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி இன்னொருவர் திருகட்டும். 1994இல் ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனையில், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களின் மதிப்பீடு, பார்க்காதபோது அளித்த மதிப்பீட்டிலிருந்து மாறிப்போனது. நாமே பணம் கொடுத்து, நாமே சால்டர் வைத்த பாகத்தின்மீது நமக்கு இருக்கும் சார்பு அதைவிட வலியது. மாறாத ஸ்பீக்கர் அருகில் நின்றால்தான் அந்தச் சார்பைக் கடந்து கேட்க முடியும். கழற்றிய பாகங்களை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று சீட்டெழுதி, உறையிலிட்டுப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, அதன் பிறகு இரண்டாவது ஸ்பீக்கரைத் திறக்கலாம்.